இருநூறில் ஒன்று

ராத்திரி பதினொன்றே கால்.
வண்டிப்பாளையத்துக் கல்யாண மண்டப வாசலில்
சேர் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
பத்துப் பத்தாக அடுக்கி
ஒவ்வொரு அடுக்கின் தலையிலும் கை வைத்து.
கடைசிப் பந்தியின் ரசம் இன்னும் மணக்கிறது.
தேசிங்கு லோடு ஆட்டோவைத் திறந்து போட்டுவிட்டு
பீடிக்குத் தள்ளிப் போயிருக்கிறான்.

நூற்று அறுபது.
நூற்று எழுபது.
போன்.
"அம்மா, தண்ணித்தொட்டி கணக்கு.
ஒரு குழாய் நெரப்புது, ஒரு குழாய் காலி பண்ணுது.
கூட்டணுமா, கழிக்கணுமா?"
கூட்டு, சாப்பிட்டியா, வைக்கிறேன்.
பத்து.
இருபது.

பகலில் நான் பத்திர ஆபீசில்
கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள்.
ஆறு வருஷமாக ஒப்பந்தம்.
ஊரார் மனைக்கெல்லாம் நான்கெல்லை அடிக்கிறேன்:
கிழக்கே இன்னார் தோப்பு,
மேற்கே பொதுவழி.
என் நாளை யாராவது பதிந்து தந்தால்
இப்படி இருக்கும்:
தெற்கே சேர், மேற்கே ஆபீஸ்,
கிழக்கே எட்டாம் வகுப்புப் பரீட்சை,
வடக்கே அய்யனாரின் சிப்காட் ஷிப்ட்.
இதற்கு இடைப்பட்டது எத்தனை சதுர அடி என்று
அளந்து பார்க்க நேரமில்லை.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
நூற்று இருபது பை நாலு என்ற சர்வே நம்பரை
நூற்று இரண்டு பை நாலு என்று அடித்துவிட்டேன்.
நூற்றிரண்டு புள்ளி நாலு,
அன்று காலை பிள்ளைக்கு அடித்த காய்ச்சல்.
பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்து
"இது என் மனை இல்லையேம்மா" என்றார்.
கோபப்படவில்லை.
கோபப்பட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து பத்து மணிக்கு
போனை அணைத்து டிபன் பைக்குள்,
தயிர் டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.
ஐந்தே முக்காலுக்கு எடுக்கும்போது சில்லென்றிருக்கும்.
ஏழெட்டு தவறிய அழைப்புகள்.
ஒரு வளைகாப்பு செம்மண்டலத்துக் கடைக்குப் போயிருக்கும்.
போகட்டும்.
சாவு வீட்டுக்காரர்கள் மட்டும்
நேரே தேசிங்குக்கு அடிக்கலாம்.
அவர்களிடம் அட்வான்ஸ் கேட்பதில்லை.
மழையென்றால் தார்ப்பாய்க்கும் காசில்லை.

நூற்றுத் தொண்ணூறு. ஒன்பது.
மறுபடியும் அதே.
ஜூன் மாதத்திலிருந்து இப்படித்தான்,
எந்த விசேஷத்துக்குப் போய் வந்தாலும் ஒன்று குறைகிறது.
தேசிங்கு அடுப்படிப் பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து
யாரையோ திட்டிக்கொண்டு திரும்புகிறான்.
பெண்ணின் அப்பா பணம் எண்ண ஆரம்பிக்கிறார்.
"நாளைக்குப் பேசிக்கலாம்ணே" என்கிறேன்.
தூக்கம்தான் காரணம், பெருந்தன்மை இல்லை.
இதற்கு முன் மூன்று வீட்டில்
ஆளுக்கு நானூறு பிடித்தவள்தான் நான்.

கெடிலம் பாலத்தில் காற்று.
வீட்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டரை.
இரண்டாம் ஷிப்ட் முடிந்து அய்யனார் பாயில்,
மருந்து நெடியோடு சட்டை ஆணியில்.
மேஜையில் நோட்டு மேல் தலை வைத்து
பிள்ளை தூங்கிவிட்டிருக்கிறது.
உட்கார்ந்திருப்பது நீல சேரில்.
முதுகில் வெள்ளை பெயிண்டில் "நறுமுகை".
வாடகை நிலையத்துக்கு அவள் பெயரைத்தான் வைத்தோம்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம்
நானே வண்டியிலிருந்து இறக்கிப் போட்டது.
ஐந்து மாதமாக
இதில் துணி மடித்து வைத்திருக்கிறேன்,
இதில் ஏறி பல்பு மாட்டியிருக்கிறேன்,
இதில் உட்கார்ந்து
குறைகிற ஒன்றை நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நோட்டை மெல்ல இழுத்துப் பார்த்தேன்.
கூட்டியிருக்கிறாள்.
திறந்து கிடக்கிற குழாயும் சேர்ந்து
தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறது.

எழுப்பவில்லை.
ரப்பரை மட்டும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தேன்.
நெற்றியைத் தொட்டேன். சூடில்லை.
கொஞ்ச நேரம் தரையில், சேர்க்காலில் சாய்ந்து
எதையும் எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் மூன்று வீட்டுக்குப் போன் போட வேண்டும்.
பத்து மணிக்குள்.